இடுப்பில் இருக்கும் தம்பி

(சென்ற ஆண்டு பழைய மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் நிகழ்த்திய உரை. பேசியது பேசியபடியே பெரும்பாலும் தரப்பட்டுள்ளது.)



செயலாளர் எனக்கு எழுதிய கடிதத்தில் 'தலைமுறை வறுமையை ஒழிப்பதில் சமுதாயத்தின் பங்கு' என்று தலைப்புக் கொடுத்திருந்தார். பெரிய தலைப்புங்க. அதற்குப் பொருளாதாரத் துறைப் பேராசிரியர் யாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். நான் இந்தக் கல்லூரியில் மனையியல் படித்துவிட்டு 1980இல் வெளியே போனவள். பத்து வருஷம் குழந்தைகளை எடை போட்டேன். அதற்குப் பிறகு, பழனி மலைப் பக்கம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். எடை போடுவதும் பிள்ளை பார்ப்பதும்தான் எனக்குத் தெரிந்த இரண்டு காரியம். அதை வைத்துக்கொண்டு பேசுகிறேன். மதியம் பொதுக்குழுவில் நம் சங்கத்தின் நிதியை எதற்குச் செலவழிப்பது என்று ஒரு தீர்மானம் வரப்போகிறது. என் பேச்சுக்கும் அந்தத் தீர்மானத்துக்கும் சம்பந்தம் உண்டு, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானல் என்றதும் உங்களுக்கு ஏரியும் படகும் ஞாபகம் வரும். இந்தக் கல்லூரியிலிருந்து சுற்றுலா போய், தூண் பாறைக்கு முன்னால் நின்று, மூடுபனியில் ஒன்றுமே தெரியாத ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருப்போம். நான் சொல்லப்போவது அந்தக் கொடைக்கானலைப் பற்றி அல்ல. அந்த ஊரைச் சுற்றி மேல்மலை, கீழ்மலை என்று இரண்டு பகுதி இருக்கிறது. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. அங்கே வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். அந்தப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரியூர், பாச்சலூர், கே.சி.பட்டி. அங்கே காப்பி, மிளகு, மலைவாழை. நாம் காலையில் குடிக்கிற காப்பியிலும் சாம்பாரில் போடுகிற பீன்ஸிலும் இந்த ஊர்ப் பெண்களுடைய விரல் பட்டிருக்கிறது.

மலையில் வேலை செய்கிற ஜனங்கள் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல. முதலில் பளியர். மலைக்கே சொந்தக்காரர்கள். தேன், கல்பாசி, கடுக்காய், காட்டுக்கிழங்கு என்று காட்டை நம்பி வாழ்ந்தவர்கள். காடு காப்புக்காடாகவும் தோட்டமாகவும் ஆக ஆக, கூலிக்கு வந்தவர்கள். அடுத்து புலையர். அப்புறம் கீழே வத்தலக்குண்டு, பெரியகுளம், ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து மழை பொய்த்த வருஷங்களில் ஏறி வந்தவர்கள். நான்காவதாக ஒரு கூட்டம் உண்டு. நம்மில் பலருக்கு அவர்களைத் தெரியாது. 1964இல் சாஸ்திரிக்கும் சிறிமாவோவுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கம் பெயர் வைத்தது. எந்தத் தாயகம்? அவர்களில் பலர் பிறந்ததே அங்கேதான். நீலகிரிக்குப் போனவர்கள் உண்டு, கொடைக்கானல் மலைக்கு வந்தவர்களும் உண்டு. குளிர் பழகின உடம்பு, மலை ஏறிப் பழகின கால். வாட்டில் மரத்தின் பட்டை உரிக்கவும், மரம் வெட்டவும் ஏஜெண்டுகள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இந்த நான்கு கூட்டத்துக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. அட்வான்ஸ். மேஸ்திரி கையில் வாங்குகிற முன்பணம். அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வறுமை அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிற வழிகளில் அது முக்கியமானது. வீட்டில் ஒரு காய்ச்சல், ஒரு சடங்கு, ஒரு சாவு. கையில் காசு இல்லை. மேஸ்திரி கொடுக்கிறார். வட்டி என்று ஒன்றும் வாங்குவதில்லை, ரொம்ப நல்ல மனுஷன். ஆனால் வாங்கின குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போகக் கூடாது. பக்கத்துத் தோட்டத்தில் கூலி கூடுதலாக இருந்தாலும் போகக் கூடாது. அந்தக் கூலி வித்தியாசம்தான் வட்டி. கடன் அடைவதற்குள் அடுத்த காய்ச்சல் வந்துவிடும். அப்பன் விழுந்துவிட்டால் கணக்கு மகன் பேருக்கு மாறும். பதினாலு வயதுப் பையனை மேஸ்திரி 'வாடா மாப்ளே' என்று அன்பாகக் கூப்பிடுவார். அவன் பள்ளிக்கூடம் அன்றைக்கு முடிந்தது.

1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1980களில் கொடைக்கானல் காடுகளில் மரம் வெட்டும் வேலையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்த தாயகம் திரும்பியோரைப் பற்றிச் செய்திகள் வந்தன. தமிழ்நாட்டுக் கொத்தடிமைகள் பற்றி மக்கள் சிவில் உரிமைக் கழகம் 1985இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கு நாடு முழுவதற்கும் விரிந்து, 1997இல் அந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு தேசிய மனித உரிமை ஆணையத்திடம் வந்து சேர்ந்தது. சட்டம் தேவை, வழக்கும் தேவை. ஆனால் காய்ச்சல் வந்த ராத்திரி கையில் 500 ரூபாய் இருந்தால் மேஸ்திரி வீட்டுக்குப் போகவேண்டியதில்லை. அதைச் சட்டம் கொடுக்காது.

இப்போது எடை போட்ட கதைக்கு வருகிறேன். 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் பரீட்சார்த்தமாக எடுத்துக்கொண்ட ஒன்றியம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி. அப்போது கொடைக்கானலும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். நான் சமவெளிப் பக்கத்தில் மேற்பார்வையாளராக வேலைக்குச் சேர்ந்தேன். சைக்கிள் ஓட்டத் தெரிந்ததுதான் என் கூடுதல் தகுதி.

அந்தத் திட்டத்தில் மூன்று விஷயம் எனக்குப் பிடித்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரை உள்ள குழந்தைகளை மட்டும்தான் முக்கியமாகப் பார்த்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் காமராஜர் 1956இலேயே மதிய உணவு கொடுத்துவிட்டார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்து 2 வயதுக் குழந்தை வரைக்கும் கொண்டுவந்தார். அதற்கும் கீழே, கைப்பிள்ளையை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது, எல்லாக் குழந்தைக்கும் சத்துருண்டை கொடுக்க மாட்டோம். மாதா மாதம் தொங்கு தராசில் தூக்கிப் போட்டு, அட்டையில் புள்ளி வைத்துக் கோடு போடுவோம். கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டதா, அந்தக் குழந்தைக்கு 90 நாள் உருண்டை. தேறினதும் நிறுத்திவிடுவோம். அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள். "அவ பிள்ளைக்கு மட்டும் குடுக்கிறீங்க, எம் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார்கள். "உங்க பிள்ளை நல்லா இருக்குதுமா, அதனாலதான் இல்ல" என்று கோட்டைக் காட்டுவோம். ஆறு மாதம் கழித்து அதே அம்மா கோட்டைப் பார்த்து, "போன மாசம் வயித்துப்போக்கு வந்துச்சுல்ல, அதான் படுத்துருச்சு" என்று எனக்கே விளக்கம் சொல்லுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். மூன்றாவது, வேலை பார்த்தது அந்தந்த ஊர்ப் பெண். அவளைத் தேர்ந்தெடுக்கும்போது அவளுடைய பிள்ளை தெம்பாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஏழை வீட்டில் நன்றாக வளர்ந்த பிள்ளையின் தாய் சொன்னால், பக்கத்து வீட்டு ஏழைத் தாய் கேட்பாள். நான் சொன்னால், "நீங்க காப்பி டம்ளர்ல ஹார்லிக்ஸ் ஆத்துறவங்க" என்பாள். நியாயம்தானே?

ஏன் அந்த வயதுக்கு அவ்வளவு முக்கியத்துவம்? குவாத்தமாலா நாட்டில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஒரு ஆய்வு நடந்தது. இரண்டு கிராமத்தில் பால்மாவு கலந்த சத்துக்கஞ்சி, இரண்டு கிராமத்தில் வெறும் இனிப்புப் பானம். சுமார் 25 வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். 2 வயதுக்குள் சத்துக்கஞ்சி குடித்திருந்த ஆண்களின் மணிக்கூலி மற்றவர்களைவிட 46 சதவீதம் கூடுதல். அது மட்டுமல்ல. கஞ்சி குடித்து வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் பிறக்கும்போதே எடை கூடுதலாகப் பிறந்தன. பாட்டி ஊட்டின கஞ்சி பேரப்பிள்ளையின் எடையில் தெரிந்தது. தலைமுறை வறுமை என்று செயலாளர் எழுதியிருந்தாரே, தலைமுறை என்ற சொல் எனக்கு அங்கேதான் விளங்கியது.

1989இல் அந்தத் திட்டத்தின் முதல் கட்டம் முடிந்தது. அதற்கு அடுத்த வருஷம் நான் கீழ்மலைக்குப் போனேன். என் கணவருக்கு அங்கே வேலை. ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் எனக்கும் வேலை கிடைத்தது. சமவெளியில் படித்த பாடத்தை மலையில் அப்படியே சொல்லிவிடலாம் என்று தராசைத் தூக்கிக்கொண்டு ஏறினால், எடை போடக் குழந்தை இருக்கிறது, கூட அம்மா இல்லை. அம்மா காலை 7 மணிக்கே தோட்டத்துக்குப் போய்விட்டாள். குழந்தையைத் தூக்கி வந்தது எட்டு வயது அக்கா. ஊர் ஊராக இதே காட்சி. இடுப்பில் தம்பி, கையில் ஒரு தூக்குவாளி. "பள்ளிக்கூடம் போகலையா பாப்பா?" என்றால், "தம்பி இருக்குதுல்ல" என்று பதில். கேள்வி கேட்ட என்னைப் பாவமாகப் பார்க்கும்.

பள்ளிக்கூடம் இருந்தது. வாத்தியாரும், சில நாள், இருந்தார். மதிய உணவு இருந்தது. இலவசப் புத்தகம் இருந்தது. அந்தப் பெண் பிள்ளையைத் தடுத்தது கட்டணம் இல்லை, தூரம்கூட இல்லை. இடுப்பில் இருந்த தம்பிதான். தம்பிக்கும் நல்லது இல்லை. எட்டு வயதுப் பிள்ளை எத்தனை தடவை ஊட்டும்? காலையில் கொடுத்த சோறு ஆறிப்போய் மதியம் மறுபடி வாய்க்குள் போகும். வயிற்றுப்போக்கு. கோடு படுத்துவிடும். அக்காவுக்குப் படிப்பு போச்சு, தம்பிக்கு எடை போச்சு. பத்து வருஷம் கழித்து ரெண்டு பேரும் அதே தோட்டத்தில், அதே மேஸ்திரியிடம்.

அரசாங்கத்துக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று எழுதியது. 2005ஆம் வருஷத்து வேலை உறுதிச் சட்டம், வேலைக்கு வந்த இடத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் இருந்தால் ஒரு பெண்ணைப் பிள்ளை பார்க்க வைத்து அவளுக்கும் கூலி கொடுக்கச் சொன்னது. எழுத்தெல்லாம் அழகு. ஆனால் கீழ்மலையில் நிறையத் தோட்டங்கள் சின்னச் சின்ன உடைமைகள். பத்துப் பேர், பன்னிரண்டு பேர் வேலை செய்கிற இடத்துக்கு அந்தத் தோட்டச் சட்டம் எட்டவில்லை. அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். அங்கன்வாடியில் பிள்ளைகளை உட்கார வைப்பது 2 வயதுக்கு மேல்தான். அது திறக்கும் நேரத்துக்குள் காப்பிப் பழம் பறிக்கிறவள் ஒரு கூடை நிரப்பியிருப்பாள். நான் குறை சொல்லவில்லை. அங்கன்வாடி இல்லையென்றால் தமிழ்நாடு எங்கே இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நேரமும் வயதும் தோட்டத்து நேரத்தோடு பொருந்தவில்லை, அவ்வளவுதான் சொல்கிறேன்.

அதனால் நாங்கள் தராசை மூலையில் வைத்துவிட்டு, ஒரு காப்பிக் களத்து ஓரத்துக் கொட்டகையில் பிள்ளைக் காப்பகம் ஆரம்பித்தோம். பால்வாடி என்றுதான் ஜனங்கள் சொன்னார்கள், நாங்களும் திருத்தவில்லை. புதுமை ஒன்றும் இல்லை. டெல்லியில் ராஜ்காட்டில் கட்டட வேலை நடந்த இடத்தில், 1969இலேயே மீரா மகாதேவன் என்ற அம்மையார் சித்தாள் பெண்களின் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கூடாரம் போட்டார். அது மொபைல் கிரெஷ் என்று பெரிய நிறுவனமாயிற்று. காலை 7 மணியிலிருந்து சாயந்திரம் 5 மணி வரை. ஒரு பெண் பிள்ளை பார்க்க, ஒரு பெண் சமைக்க. கேழ்வரகுக் கஞ்சி, பருப்புச் சாதம், கீரை, கிடைத்தபோது முட்டை. விட்டத்தில் நாலு தூளி. ஒரு அண்டா வெந்நீர், ஏனென்றால் அந்தக் குளிரில் வெந்நீர் இல்லாமல் எந்தப் பிள்ளையும் கை கழுவ விடாது.

முதல் மாதம் மூன்றே பிள்ளைகள். காரணம் சமையல்காரி. அவள் எந்த ஜாதி என்று எல்லாருக்கும் தெரியும். 'எங்க பிள்ளை அவ கையால சாப்பிடாது' என்று நேரில் சொல்ல மாட்டார்கள், பிள்ளைக்குச் சளி என்பார்கள். நாங்கள் ஆளை மாற்றவில்லை. காப்பிப் பறிப்பு உச்சத்துக்கு வந்தது, டிசம்பர் பனி வந்தது, இடுப்பில் கட்டிக்கொண்டு போன பிள்ளைகளுக்கு நெஞ்சுச் சளி வந்தது. பசியும் பனியும் சேர்ந்து பேசினதில் ஜாதி கொஞ்சம் வாயை மூடிக்கொண்டது. ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஊர்த் திருவிழாவில் அது மறுபடி வாயைத் திறக்கும்.

அந்த வருஷம் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் நடந்ததை வாத்தியார் வந்து சொன்னார். எங்களைப் பாராட்ட வரவில்லை, புகார் சொல்லத்தான் வந்தார். "என்னம்மா, ஒரே நாள்ல ஏழு பொம்பளப் பிள்ளைங்க வந்து மூணாம் வகுப்புல உட்கார்ந்திருக்கு, ஒண்ணுக்கும் அனா ஆவன்னா தெரியல, நான் என்ன பண்றது?" நாங்கள் பெண் கல்வியைப் பற்றி ஒரு நோட்டீஸ்கூடப் போடவில்லை. தம்பியை இறக்கி வைக்க இடம் கிடைத்தது, அக்கா தானே நடந்து போய்விட்டாள்.

பளியர் பிள்ளைகள் விஷயம் வேறு. அதை மற்ற பிள்ளைகளோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1962 முதல் பளியரோடு இருந்து ஆராய்ச்சி செய்தவர். அவர்களிடையே யாரும் யாருக்கும் கட்டளை இடுவதில்லை, பிள்ளையைக்கூட வற்புறுத்துவதில்லை, சண்டை வந்தால் அடிக்காமல் விலகிப் போய்விடுவார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். அப்படி வளர்ந்த பிள்ளையை உண்டு உறைவிடப் பள்ளியில் கொண்டுபோய் விட்டு, ஒரு வாத்தியார் பிரம்பால் ஒரு அடி வைத்தால் என்ன ஆகும்? பிள்ளை அழாது. எதிர்த்துப் பேசாது. ராத்திரியோ மறுநாளோ நடந்தே வீட்டுக்குப் போய்விடும். பதிவேட்டில் 'இடைநின்றவர்' என்று எழுதுவார்கள். அந்தப் பிள்ளையைக் கேட்டால், நல்ல பழக்கம் தெரிந்தவன் செய்வதைத்தான் செய்தேன் என்று சொல்லும். இதை ஒரு ஆசிரியருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அவர் பிரம்பைக் கீழே வைத்த பிறகு அந்தப் பள்ளியில் பளியர் பிள்ளைகள் தங்கினார்கள். பணம் ஒரு ரூபாய் செலவாகவில்லை.

இன்னொரு முட்டுக்கட்டை காகிதம். பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தரவேண்டும். அப்பனுக்குச் சான்றிதழ் இருந்தால் பிள்ளைக்குச் சுலபம். அப்பனே பள்ளிக்கூடம் போகாதவன், அவனுக்கு ஏது? படிக்காதவனின் பிள்ளை படிக்க, படிக்காதவனிடம் காகிதம் கேட்கிற விந்தை. இந்த அலைச்சலுக்கு ஒரு ஆள் கூடப் போனால் போதும். பஸ் காசு, ஒரு நாள் கூலி, கொஞ்சம் தைரியம்.

பிள்ளை பள்ளிக்குப் போனால் வறுமை போய்விடுமா? அதை நம்புகிற அளவுக்கு நான் வெகுளி இல்லை. வீட்டில் வருமானம் நிற்கவேண்டும். கீழ்மலைக்குப் பெருமை சேர்த்த மலைவாழை, முடிக்கொத்து நோயால் ஊர் ஊராக அழிந்ததை அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கமலா ஆரஞ்சும் நோயில் போயிற்று. நன்றாக இருந்த சிறு விவசாயி இரண்டே வருஷத்தில் கூலிக்கு வந்தான், அவன் பிள்ளை கூடவே வந்தது. மேல்மலையில் கேரட் விலை விழுந்தால் பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று நிலத்திலேயே விட்டுவிடுவார்கள். அன்றைக்குக் கூலிக்காரிக்கு வேலை இல்லை.

இதற்கு ஊருக்குள்ளேயே சில கைவழிகள் பிறந்தன. கொடைக்கானல் அண்ணா சாலையில் காட்டேஜ் கிராஃப்ட்ஸ் என்று ஒரு கடை. கார்சாக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கொடைக்கானல் சமூக நலக் கூட்டமைப்பு, தொண்டர்களை வைத்து நடத்தும் கடை. எளிய குடும்பத்துப் பெண்கள் தைத்ததும் பின்னியதும் அங்கே விற்பனையாகும், விலையில் பெரும்பகுதி செய்தவருக்கே போகும். 1985இல் தொடங்கிய பழனிமலைப் பாதுகாப்புக் குழு, ஊர்களில் நாற்றங்கால் போட்டு மரக்கன்று வளர்த்தது. காடும் வளர்ந்தது, பை நிரப்பிய பெண்களுக்குக் கூலியும் கிடைத்தது. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு முறை பிறகு எங்கள் மலைக்கும் வந்தது. வாரம் பத்து ரூபாய் சேமிப்பு என்று ஆரம்பித்தார்கள். நகரத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். காய்ச்சல் வந்த ராத்திரி 500 ரூபாய் என்று சொன்னேனே, அந்த 500 ரூபாய் இந்தக் குழுப் பெட்டியிலிருந்துதான் வந்தது. மேஸ்திரிகளுக்குக் குழு பிடிக்காமல் போனதற்கு வேறு காரணம் தேவையில்லை.

மாடு வாங்கிக் கொடுக்கலாமே என்று கேட்கிறவர்கள் எப்போதும் உண்டு. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 2002இல் தொடங்கிய முறை அது. மிக ஏழைக் குடும்பத்துக்கு ஒரு மாடோ ஆடோ, கொஞ்ச நாள் கைச்செலவுக்குப் பணம், வாரா வாரம் வந்து பேசும் ஒரு ஆள். ஆறு நாடுகளில் செய்து பார்த்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள். நல்ல பலன். மேற்கு வங்கத்தில் பத்து வருஷம் கழித்தும் பலன் நின்றது. ஆனால் ஆந்திராவில் செய்தபோது பலன் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே கூலி வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. மாடு பார்த்தவர்கள் கூலியை இழந்தார்கள். எங்கள் மலையும் ஆந்திரா மாதிரிதான். மேலும் ஒன்று கேட்கிறேன், அந்த மாட்டை மேய்ப்பது யார்? அதே எட்டு வயது அக்கா. தம்பியை இறக்கி வைத்தவள் கையில் மாட்டுக் கயிற்றைக் கொடுப்பதா?

நண்பர்களே, இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். சங்க நிதியின் வட்டியில் ஆண்டுதோறும் ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை என்பது வரைவு. நல்ல காரியம், நானே இந்தக் கல்லூரியில் அப்படி ஒரு தொகை வாங்கிப் படித்தவள். ஆனால் நம் விண்ணப்பப் படிவத்தைப் பாருங்கள். 12ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஜாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு. இந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்யும் இடத்துக்கு வந்துவிட்ட பிள்ளை ஏற்கனவே முக்கால் மலை ஏறிவிட்ட பிள்ளை. அதற்குக் கை கொடுக்க அரசாங்கத் திட்டங்களும் வேறு அறக்கட்டளைகளும் இருக்கின்றன. அடிவாரத்தில் தம்பியோடு நிற்பவளுக்கு யார் இருக்கிறார்கள்? பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2018இல் ஒரு கணக்குச் சொன்னது. வருமானத்தில் கடைசிப் படியில் இருக்கும் குடும்பம் அந்த நாட்டின் சராசரிக்கு வர டென்மார்க்கில் 2 தலைமுறை, இந்தியாவில் 7 தலைமுறை. ஏழாவது தலைமுறைக்கு நாம் உதவித்தொகை கொடுக்கிறோம். முதல் தலைமுறைக்கும் ஏதாவது கொடுங்கள் என்று கேட்கிறேன்.

நிதியில் பாதி. அதற்கு மேல் கேட்கவில்லை. கட்டடம் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம். கட்டடம் கட்டினால் திறப்பு விழாவோடு நம் ஆர்வம் முடிந்துவிடும். இரண்டு ஊர்களில் காப்பகம் நடத்த நான்கு உள்ளூர்ப் பெண்களின் சம்பளம், மூன்று வருஷத்துக்கு. பிள்ளைகளுக்குக் கஞ்சி, விறகு அல்லது கேஸ். கூடவே, சான்றிதழுக்கு அலைய ஒரு ஆளுக்குப் பஸ் காசு. ஊர்க்காரர்கள் இடமும் அரிசியும் கொடுக்கவேண்டும், தாய்மார்கள் மாதம் ஒரு சிறு தொகை கட்டவேண்டும். இலவசமாகக் கொடுத்தால் அது நம்முடைய பால்வாடி. காசு கட்டினால் அவர்களுடையது. சமையல்காரி நேரத்துக்கு வரவில்லை என்றால் சத்தம் போட அவர்களுக்கு உரிமை வரும்.

'இது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை அல்லவா?' என்று நேற்று இரவு சாப்பாட்டு நேரத்தில் என் வகுப்புத் தோழர் கேட்டார். ஆமாம், அரசாங்கம்தான் செய்யவேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைக்குக் காலையில் பொங்கலோ உப்புமாவோ பள்ளிக்கூடத்திலேயே கிடைக்கிறது. ஏழு மணிக்கு வேலைக்குப் போகும் மலைத் தாய்க்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்லவேண்டியதில்லை. மதிய உணவும் அப்படித்தான். ஆங்காங்கே ஊர்க்காரர்களும் நல்ல மனிதர்களும் அரிசி போட்டு நடத்திக்காட்டிய பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கைப்பிள்ளைக்கு அது இன்னும் வரவில்லை. யாராவது நடத்திக்காட்டிக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. கோடை விடுமுறையில் வந்து உதவுகிறோம் என்று சிலர் காலையில் சொன்னீர்கள். சந்தோஷம். ஆனால் கைப்பிள்ளை பார்க்க நீங்கள் வேண்டாம், பதினைந்து நாளில் பழகிவிட்டு நீங்கள் போய்விட்டால் பிள்ளை ஏங்கிப்போகும். எனக்கு வேண்டியது ஜூன் மாதம் மூன்றாம் வகுப்பில் வந்து உட்காரும் அந்தப் பெண் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா சொல்லித்தர, ஏப்ரல், மே இரண்டு மாதம் முழுசாக மலையில் தங்குகிற ஆட்கள். கம்பளி கொண்டுவரவேண்டும். செல்போன் சிக்னல் கிடைக்காது. அட்டை கடிக்கும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னை வந்து பாருங்கள், நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.

மதியம் பொதுக்குழுவில் அது மூன்றாவது தீர்மானம். நான் கேட்கும் திருத்தத்தைத் தட்டச்சு செய்து செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், ஒரே பக்கம்தான். படித்துப் பார்த்துவிட்டுக் கை தூக்குங்கள்.